இரண்டு பம்பும் சவிரிமுத்து அண்ணையும்

சென்ற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து, அதில் என் குடையை வைத்திருந்தேன். எட்டரை ஆகியும் சவிரிமுத்து அண்ணை வரவில்லை. கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த தாதிப் பிள்ளை என்னைக் கண்டு எழுந்து வந்தார்.

"ஐயா, குடையை எடுங்கோ. அவர் விடியக்காலமை மோசம் போயிட்டாராம். முட்டுக் கூடி, ஓட்டோ வரமுதலே முடிஞ்சுதாம்."

குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடனே வேறொருவர் வந்து அந்த இடத்தில் அமர்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

ஆஸ்துமாவை எங்கள் தீவுப் பக்கத்தில் முட்டு என்போம். அந்த வருத்தம் இல்லாவிட்டால் நானும் அவரும் பழகியிருக்க வழியில்லை. அவர் சுருவிலில் கடற்றொழில் செய்தவர். நான் புளியங்கூடலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவன். முதல் நாளே என்னிடம், "நீர் இதுவரைக்கும் என்னென்ன வைத்தியம் பார்த்தனீர்?" என்று கிளினிக் முழுவதற்கும் கேட்கும்படி கேட்டார். நான் மூன்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை.

அவருடைய கணக்கு நீண்டது. சிறு வயதில் சூடாக்கிய எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் பூசினார்கள். பிறகு ஒரு பரியாரியார் ஆடாதோடைக் கசாயம் கொடுத்து, றால், நண்டு, கணவாய் மூன்றையும் தொடக்கூடாது என்றாராம். "அப்ப நான் கடலுக்குப் போய் என்ன, முழுகிப்போட்டு வாறதோ எண்டு கேட்டனான். மனிசன் அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டார்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரம் எடுத்தது.

ஒருமுறை மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். உதட்டைக் குவித்து மெழுகுதிரியை ஊதவேண்டும், சுவாலை சாயவேண்டும், அணையக்கூடாது என்றார். வீட்டில் திரி வாங்கிக் கொளுத்துவது வீண் செலவு என்று அண்ணை கோவிலுக்குப் போய், அந்தோனியாருக்கு முன்னால் எரிந்த திரிகளில் பழகியிருக்கிறார். கோவிலைப் பார்ப்பவர் ஓடிவந்து, "என்ன சவிரியண்ணை, பிறந்தநாளே?" என்று கேட்டாராம். அடுத்த கிளினிக்கில் அதை எனக்கு நடித்துக் காட்டினார். அன்று நான் சிரித்ததுபோல என் மனைவி போனபின் சிரித்ததில்லை.

பம்ப் விஷயத்தில்தான் அவருடன் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மூச்சோடு மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் எங்களுக்கு இரண்டு. நீலம், மூச்சு முட்டும்போது உடனே திறந்துவிடும். மண்ணிறம், முட்டு வராமல் காப்பது. சுகமாக இருக்கும் நாளிலும் காலையும் மாலையும் அடித்து வாய் கொப்பளிக்க வேண்டும். அண்ணை நீலத்தை மடியில் வைத்திருந்தார். மண்ணிறத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"அது வேலை செய்யாத பம்ப், மனேச்சர். அடிச்சுப் பார்த்தனான், ஒண்டும் விளங்கேல்லை."

"அண்ணை, வள்ளத்துக்கு எப்ப தார் பூசுறனீங்கள்? தண்ணி உள்ளுக்க வந்த பிறகோ?"

"இதை அந்த டொக்டர்ப் பிள்ளை சொல்லியிருந்தால் எனக்கு அப்பவே விளங்கியிருக்கும்," என்றார். அதன்பின் சில வருடங்கள் நன்றாக இருந்தார். உண்மையில் அவரைக் காத்தது என் உவமானம் அல்ல, அவருடைய மனைவி பிலோமினா அக்கா. காலையும் மாலையும் குசினிக்குள் இருந்து, "பம்ப் அடிச்சனீங்களோ?" என்று அவர் கேட்கும் குரல் ஒழுங்கை வரை கேட்கும்.

அக்கா காலமானபின் கேட்க ஆளில்லை. ஒரே மகள் ஜெசிந்தா கனடாவில், ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கதிரையில் குனிந்திருந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மேசையில் நீலப் பம்ப் மட்டும் இருந்தது. ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் அதை எடுத்து அடித்தார். திரும்பவும் அடித்தார். தொலைபேசி அடித்தது.

"சுகம் பிள்ளை, நல்ல சுகம். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் காணும்," என்றார். மழை, மீன் விலை, கோவில் என்று மூச்சு விடாமல் பேசி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மனேச்சர், அவளுக்குச் சொல்லிப்போடாதையும். சொன்னால் வந்து கொண்டுபோயிடுவாள். அங்கை என்னாலை இருக்க ஏலாது. மனிசி இஞ்சை தனியக் கிடக்கிறாள்."

அக்காவின் கல்லறையைத்தான் சொன்னார். நான் ஓம், சொல்லமாட்டேன் என்றேன். அவர் போய்விட்டால் கிளினிக்கில் பேச எனக்கும் ஆளில்லை. அந்த ஓமில் என் சுயநலமும் கலந்திருந்தது. அதை இன்று ஒளிக்க விரும்பவில்லை.

மகள் வரும்வரை வைத்திருந்து வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். மண் போட்டு எல்லோரும் கலைந்தபின் ஜெசிந்தா மட்டும் நின்றார். அருகில் போய் உள்ளதைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"எனக்குத் தெரியும் மாமா," என்றார். "நீலப் பம்ப் அடிச்சால் அப்பா அவசரப்பட்டுக் கதைப்பார். சின்னனிலேயே எனக்கு அது தெரியும். சில ஞாயிறு வேணுமெண்டே பிந்தித்தான் கோல் எடுப்பன், மூச்சு வரட்டும் எண்டு. அதைப் பற்றிக் கேட்டால் போன் எடுக்கிறதையும் விட்டிடுவாரோ எண்டு பயம். எனக்கு அவரிட்டை இருந்தது அந்தப் பத்து நிமிசம்தானே."

இருவருக்கும் தெரிந்திருந்தது. இருவருமே அவரை இழக்கப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம். கடற்கரைக் காற்றில் மாலைகளின் பூக்கள் பக்கத்துக் கல்லறைக்கும் பறந்தன. ஜெசிந்தா அவற்றைப் பொறுக்கி மீண்டும் தகப்பனின் மண்மேல் வைத்தார். நானும் குனிந்து பொறுக்கினேன்.

சவிரிமுத்து அண்ணை, உங்களுக்குக் கொடுத்த வாக்கை உங்கள் மேல் மண் போட்ட பிறகுதான் மீறினேன். ஒரு வருடம் முந்தி மீறியிருந்தால், என்னோடு கதை பேச்சில்லாமல், அந்தக் குளிரைத் திட்டிக்கொண்டு கனடாவில் இருந்திருப்பீர்கள். கோபமாகவாவது இருந்திருப்பீர்கள், அண்ணை. போய்வாருங்கள்.