ஆடுதின்னாப்பாளையின் ஓரகத்திகள்

பீங்கான் பட்டறைத் தூசி நெஞ்சில் இறங்கி, என் கணவர் வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் பட்டாம்பூச்சி பார்க்கக் கற்றுக்கொண்டோம். நாலடி நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். கொல்லைப்பக்கச் சன்னல்தான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம். வெளியே யாருடையதோ காலிமனை. அதில் ஆடுதின்னாப்பாளைச் செடி படர்ந்து கிடந்தது.

அதைத் தேடி இரண்டு வகைப் பட்டாம்பூச்சி வரும். இரண்டுமே கறுப்பு, சிவந்த உடம்பு, பின்னால் வால். முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை இருந்தால் மூத்தவள். அது இல்லாமல் பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தால் இளையவள். பெயர் வைத்தது அவர். முட்டையிடுவது இருவரும் அந்த ஒரே செடியில்.

"ஓரகத்திங்க ஒரே அடுப்புல பொங்குறதப் பாருங்க" என்பேன்.

"உன்னாட்டம் சண்டை போடல பாரு" என்பார். சிரித்தால் இருமல் வரும், ஆனாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அந்தப் பூச்சிகள் வேண்டியிருந்தன.

ஆடி மாதம் மனைக்காரர் ஜேசிபி விட்டார். குறுக்கே போய்க் கெஞ்சி, புழுவோடு கிடைத்த தழையை முறத்தில் அள்ளி வந்தேன். மூத்தவளின் பிள்ளைகள் முழுக்கக் கருஞ்சிவப்பு; இளையவளின் பிள்ளைகளுக்கு இடுப்பில் வெள்ளை அரைஞாண். வேறு தழை போட்டால் இரண்டுமே தொடாது.

அவர் விட்ட அதே பட்டறைக்கு நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தழை வாடுகிறதே என்று அவர் ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டார். பட்டறையில் சுடாத பொம்மைகள் காய்ந்து வெடிக்காமலிருக்கக் காலமெல்லாம் செய்த வேலை. கை தானாகச் செய்துவிட்டது. மறுநாள் சாக்கை எடுத்தால் தழை அழுகி, புழுக்கள் கறுத்துச் செத்துக் கிடந்தன.

"நல்லதுன்னு நெனச்சுதான் போட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, அந்தக் கைக்கு வேலையையும் நெஞ்சுக்குத் தூசியையும் சேர்த்துக் கொடுத்த பட்டறைமேல். அங்கேதான் அன்றைக்கும் வேலைக்குப் போனேன்.

முறத்தின் விளிம்பில் முன்பே கூடு கட்டியிருந்த ஒன்று மட்டும் தப்பியது. அது வெளியே வந்தபோது பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டு.

"இளையவ!" என்று கத்தி, இருமினார். சன்னல் வழியாக விட்டோம்.

சில நாள் கழித்து அவளோ, வேறு ஒருத்தியோ, காலிமனைக்கு வந்தாள். இப்போது அங்கே உடைந்த பீங்கான் கொட்டிக் கிடந்தது. முளைத்திருந்த ஒவ்வொரு களையிலும் இறங்கி, முட்டையிட அந்தச் செடிதானா என்று காலால் தட்டிப் பார்த்து, எழுந்து, அடுத்ததற்குப் போனாள். மத்தியானம் முழுக்க அதையே செய்தாள்.

"இங்க ஒண்ணும் இல்லன்னு அவகிட்ட யாரு சொல்றது?" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "சன்னல சாத்திடு" என்றார்.

சாத்தினேன். அதன் பிறகு அவர் திறக்கச் சொல்லவே இல்லை.