இன்னும் ஓடும்

கட்டைவிரலால் டயரை அழுத்தித் தடவிவிட்டு, குந்தியபடியே தலையை நிமிர்த்துகிறார். "இன்னும் ஓடும் சார். எதுக்குத் தண்டமா செலவு பண்றீங்க?" புது டயர் வாங்கவென்றே வந்தவர் விழிக்கிறார். உள்ளே கல்லாவில் முதலாளி பல்லைக் கடிக்கிறார். டயர் கடையில் உட்கார்ந்துகொண்டு டயர் வாங்காதே என்று சொல்கிற புண்ணியவான் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். கடைப் பையன்கள் இவருக்கு வைத்திருக்கிற பெயரே 'இன்னும் ஓடும்'தான்.

ஆனாலும் முதலாளி இவரை வெளியே அனுப்ப மாட்டார். இவர் "மாத்திடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாடிக்கையாளர்கள் விலைகூடக் கேட்பதில்லை. டயரின் பக்கவாட்டில் சின்ன வீக்கம் கையில் தட்டுப்பட்டால் போதும், மனிதர் வண்டிச் சாவியைத் திருப்பித் தரமாட்டார். "மேல பார்க்க நல்லாத்தான் சார் இருக்கும். எந்த நிமிஷம் வெடிக்கும்னு சொல்ல முடியாது" என்று அடம்பிடிப்பார்.

வீட்டிலும் அதே ஆள்தான். பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்துவிட்டுத்தான் எறிவார். சட்டைக் காலர் நைந்தால் திருப்பி வைத்துத் தைக்கச் சொல்வார். கஞ்சன் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஒரே மகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்தவர். வீணாகப் போவதுதான் அவருக்கு ஆகாது.

வாடகை வீடுகளிலேயே தலை நரைத்த பிறகு, இப்போதுதான் சொந்தமாக இரண்டு அறை வீடு ஒன்று அமைந்தது. வீட்டுக் கடனுக்காகக் கணவனும் மனைவியும் வங்கிக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி பொறுமையாக இரண்டு வழிகளைச் சொன்னாள். சேமிப்பு முழுவதையும் முதலிலேயே கட்டிவிட்டு மீதிக்குக் கடன் வாங்கினால் வட்டி குறைவு. ஆனால் கட்டிய காசு திரும்பாது. இன்னொரு வகையில், சேமிப்பு ஒரு கணக்கில் அப்படியே கிடக்கும். அதில் கிடக்கிற அளவுக்குக் கடனில் வட்டி போட மாட்டார்கள். அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதிக்காக மீதிக் கடனுக்கு வட்டி விகிதம் கொஞ்சம் கூடுதல்.

"எடுக்கப் போறதே இல்ல. எடுக்காத காசுக்கு எதுக்கும்மா நான் கூடக் கொடுக்கணும்?" என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவர் அவர். புருஷன் போட்ட கணக்கில் அதுவரை தலையிட்டதே இல்லை. வெளியே வந்ததும், "ரெண்டாவதே இருக்கட்டுங்க" என்றார். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்." அவ்வளவுதான். ஒரு வாரம் வீடு வீடாக இல்லை. இவர் கத்துவார், அந்த அம்மாள் வாயைத் திறக்க மாட்டார்.

கடைசியில் அந்த அம்மாள்தான் உடைந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "நாளைக்கு அவ கிளம்பி வந்தா கையில காசு வேணாமா?"

"எவ?"

"நம்ம பொண்ணுதாங்க. போன தடவை வந்தப்ப, இந்த வெயில்ல முழுக்கை போட்டுட்டு வந்தாளே, ஏன்னு கேட்டீங்களா? கையெல்லாம் கன்னிப்போய்க் கெடக்கு. வக்கீலுக்கு, குழந்தை ஸ்கூலுக்கு, எல்லாத்துக்கும் காசு வேணும். இருக்கிறதைக் கடன்ல கொட்டிட்டு யார் வாசல்ல போய் நிக்கிறது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அன்னிக்கு அழுதுகிட்டே வந்தவளை, போகப்போகச் சரியாயிடும்னு நீங்கதானே பஸ் ஏத்தி விட்டீங்க?"

ஏற்றித்தான் விட்டார். ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்து, பெரிய புத்திமதி சொன்ன திருப்தியோடு வீடு திரும்பினார். ஊரான் வண்டி டயரையெல்லாம் தடவித் தடவிப் பார்த்த மனிதருக்குப் பெற்ற பெண்ணின் கையைப் பிடித்துப் பார்க்கத் தோன்றவில்லையே! "பாவி நான்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவியும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் மனைவியோடு வங்கிக்குப் போனபோது அந்தப் பெண் அதிகாரி மறுபடி மறுபடி கேட்டாள். "சார், போன தடவை நீங்களே கணக்குப் போட்டுச் சொன்னீங்க. உங்களுக்கு முதல் வகைக் கடன்தான் லாபம்."

"தெரியும்மா. ரெண்டாவதையே போடுங்க."

"ஏதாவது பெரிய செலவு இருக்கா சார்?"

"பொண்ணு வரணும்மா" என்றார். அவள் இரண்டாவது வகைக்கான படிவத்தை எடுத்து நீட்டினாள்.

வெளியே வந்ததும் வாசல் படியில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டார். "அப்பா பேசறேன். அவன் வீட்ல இருக்கானா?" இல்லை என்றாள். "அன்னிக்கு உன்னைத் திருப்பி அனுப்பினது தப்பும்மா. அப்பா தப்புப் பண்ணிட்டேன்." மறுமுனையில் அழுகை கேட்டது. படியேறுகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள், அவர் நகரவில்லை. அழுது முடிக்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

"குழந்தையைத் தூக்கிட்டு வந்துடட்டுமாப்பா?"

"நீ தனியா வர வேணாம். துணிமணியை எடுத்து வை. நாங்க வர்றோம்."

மகள் வீடு ஊரின் அடுத்த கோடியில் இருக்கிறது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். இவர் சாலையில் இறங்கிக் கையை நீட்டி, போய்க்கொண்டிருந்த ஒரு டாக்சியை நிறுத்தினார். மனைவியைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். எவ்வளவு ஆகும் என்று கேட்காமலே தானும் ஏறிக் கதவைச் சாத்தினார்.