எதிர்வீட்டுக்குப் போகும் சாவிகள்

என் வாசற்பலகையில் பெயரைவிடப் பட்டங்கள்தான் நீளம். எதிர்வீட்டு லாரிப் பட்டறைக்காரர் எட்டாவது ஃபெயில். ஆனால் வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

போன வாரம் பக்கத்து வீட்டம்மா ஜலகண்டாபுரம் கிளம்பினார். எதிர்வீடு பூட்டியிருந்தது. “எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க” என்று கையை நீட்டினேன்.

“உங்களுக்கு எதுக்குங்க சார் சிரமம்? எதிர்வீட்டு அண்ணன் வந்துரட்டும்.”

பையும் கையுமாக வெயிலில் நின்றார். ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே போனது; அவர் அசையவில்லை.

இத்தனை படித்தவனை ஒரு சாவிக்கு நம்பமாட்டார்களா என்று மனைவியிடம் கத்தினேன்.

அவள் சிரித்தாள். “நம்மூட்டு இன்னொரு சாவி எங்கீங்க இருக்குது?”

பட்டறைக்காரரிடம்தான். கொடுத்து வைத்தவன் நான்தான்.