பெரிய டயரில் கிளம்பிய தாய்மாமன்

யோகேஸ்வரன் எதை வாங்கினாலும் வந்த வாரத்திலேயே அதில் ஒரு குறை கண்டுபிடிப்பான். பிறகு அந்தக் குறையைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று பொருளையே கெடுத்துவிட்டுத்தான் ஓய்வான். திருவாடானைக்குக் கிழக்கே அவனுக்கு நல்ல நஞ்சை இருந்தது. உழுது விதைத்து அறுப்பதெல்லாம் பண்ணையாள் சின்னக்கருப்பன். நெல் விற்ற காசு மட்டும் யோகேஸ்வரனுடையது. நாற்பதை நெருங்கும் அந்த மனிதனுக்கு என்ன வேலை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சற்று யோசித்துவிட்டு, "வண்டி வச்சிருக்காரு" என்பார்கள்.

அவன் தங்கை உமையாள் இராமநாதபுரத்தில் கணக்கு டீச்சர். பள்ளியில் யாராவது கேட்டால் அண்ணன் விவசாயம் பார்க்கிறார் என்று சொல்வாள். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் முதல் சில வருடங்கள் இருந்தது. பிறகு அதுவும் போய், அவனைப் பார்க்கும்போது வாய் ஓரம் லேசாகக் கோணுவது மட்டும் மிஞ்சியது. அய்யாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். நல்ல சிரிப்பு அல்ல.

கடைசியாக அவன் வாங்கியது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையை நக்குவது போல் தாழ்ந்த வயிறு. ஊருக்குள் வந்த அன்றே டீக்கடைக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் வயிறு மாட்டிக்கொண்டது. முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். வயலில் கிடை போட வந்த ஆட்டுக்காரர்கள் சேர்ந்து தூக்கி விட்டார்கள். அவர்கள் தூக்கும்போது யோகேஸ்வரன் உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

கார் செய்தவனுக்கு நம்ம ஊர் ரோடு தெரியாது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதற்கு அவன் கண்ட மருந்து, ரிம்மை மாற்றாமல் அதிலேயே பெரிய டயராகப் போட்டுக் காரை உயர்த்துவது.

அந்தச் சமயத்தில்தான் உமையாளின் மகள் பூங்கோதைக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். அவள் புகுந்த ஊர்க் கண்மாய்க்கரை அய்யனார் கோயிலில் வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். சீர்த்தட்டும் மாமனோடு சேர்ந்தே வர வேண்டும். தனியாக அனுப்பினால் ஆள் இல்லாத வீடு என்று அர்த்தம். உமையாளின் மாமியார் சேதுலட்சுமி இதையெல்லாம் ஒரு மாதமாகவே நினைவூட்டிக்கொண்டிருந்தார். ஒன் அண்ணன் வந்துருவானா என்று கேட்கும்போது அவர் குரலில் இருந்த இரக்கத்தை உமையாளால் பொறுக்க முடியவில்லை. தன் வீட்டைத் தான் இளக்காரமாக நினைப்பது வேறு, மாமியார் நினைப்பது வேறு.

சீருக்கு ஒரு வேன் பிடிக்கச் சொன்னாள். வேனில் சீர் வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவன் கேட்டான். சொந்தக்காரர்களை அழைக்கப் போகலாம் என்று அவளைப் பள்ளி வாசலில் ஏற்றிக்கொண்டவன், நேரே இமானுவேலின் டயர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

இமானுவேல் முதலில் தலையைச் சொறிந்தான். இந்த ரிம்முக்கு இவ்வளவு பெரிய டயர் போட்டால் பக்கவாட்டில் பிதுங்கும், மட்கார்டில் இடிக்கும் என்றான். இடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றான் யோகேஸ்வரன். வந்த கிராக்கியை விட இமானுவேலுக்கு மனமில்லை. "அண்ணே சொன்னாச் சரிதான்" என்று ஜாக்கியைப் போட்டான். அண்ணன் முட்டாள், இவன் முட்டாளுக்குத் தலையாட்டுகிறவன் என்று உமையாள் நினைத்துக்கொண்டாள்.

ஜாக்கியில் நின்ற காரில் டயர் அழகாகப் பொருந்தியது. தூக்கி நிறுத்திய காரில் மாட்டுவண்டிச் சக்கரம்கூடப் பொருந்தும்.

"அண்ணே, சுமை ஏறுனா கார் கீழ அமுங்காதா? அப்ப இடிக்காதா?" என்றாள்.

"நீ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்குடு தாயி. இது வேற சப்ஜெக்ட்டு."

டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், வளைவே இல்லாத இடமாகப் பார்த்து, யோகேஸ்வரன் தனி ஆளாக ஓட்டிவிட்டு வந்தான். வண்டியைத் திருப்பும்போது மட்டும் லேசாகச் சர்ரென்று ஒரு சத்தம் வருகிறது, புது ரப்பர் அப்படித்தான் என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் மொட்டைத் தலையில் சந்தனம் காய, பூங்கோதை மணையருகே நின்றாள். ஆசாரி ஊசியை எடுத்துத் துணியில் வைத்துவிட்டார். மாமனுக்குக் கட்ட வேண்டிய வேட்டியும் துண்டும் தாம்பாளத்தில் காத்திருந்தன. கண்மாய்க்கரையில் திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்று யோகேஸ்வரன் போன் செய்தான். அதற்குப் பிறகு ஆளையும் காணோம், சத்தத்தையும் காணோம். உமையாளின் கணவன் முனியசாமி பைக்கை எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது.

கண்மாய் மடைக்கு அருகே ரோடு சட்டென்று வளைகிறது. பக்கத்துச் சீட்டில் அரிசி மூட்டை, பின்னால் டிக்கியில் பித்தளைத் தட்டும் வாழைத்தாரும். சுமையில் அமுங்கிய கார் குழியில் இறங்கித் திரும்பியபோது, மட்கார்டின் விளிம்பு முன்டயரை வாழைப்பட்டை கிழிப்பது போல் கிழித்துவிட்டது. ஸ்டெப்னி இல்லையா என்று உமையாள் கேட்டாள். சீர் வைக்க இடம் போதவில்லை என்று அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணே, அவுக பைக்ல ஏறு. தோட்டை மட்டும் எடுத்துட்டு வா. நேரம் இருக்கு."

"கார இங்கன விட்டுட்டு எப்படித்தா வாரது? ஆடு வந்து ஒரசும். இமானுவேலுக்குச் சொல்லிட்டேன், வாரான்."

"அப்ப தோட்டையாவது அவுககிட்டக் குடுத்துவிடு."

"குடுத்துவிடுறதா? மாமன் கையாலதான் போடணும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டிருந்த சேதுலட்சுமி, "ஏத்தா, ஒன் அண்ணன் வாரானா, டயரு வருதா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தர், அவள் பிறந்த வீட்டுப் பங்காளிகளில் யாரையாவது மாமன் முறைக்கு உட்காரவைக்கலாம் என்றார். இரவல் மாமன் வேண்டாம் என்று உமையாளுக்குத் தோன்றியது. மணையில் தானே உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசாரி ஊசியை எடுக்கவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்தார்.

"அங்கன என்ன பாக்குறீக? பொறந்த வீட்டு ஆளுதான வேணும்? நானும் அந்த வீட்டுலதான் பொறந்தேன். குத்துங்க."

"தோடு இல்லியே தாயி."

"வேப்பங்குச்சி போடுங்க."

சேதுலட்சுமி வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய்க் கோயில் வேம்பில் ஒரு கொழுந்துக் குச்சியை ஒடித்து வந்து ஆசாரியிடம் கொடுத்தார். பூங்கோதை ஊரைக் கூட்டி அழுதாள். இரண்டு காதும் குத்தியாயிற்று. தாம்பாளத்தில் இருந்த வேட்டியையும் துண்டையும் எடுத்து உமையாள் ஆசாரிக்குக் கொடுத்தாள்.

முதல் பந்தி எழுந்து வெகுநேரம் கழித்து, ஒரு லோடு ஆட்டோவில் இமானுவேலோடு யோகேஸ்வரன் வந்து இறங்கினான். பட்டுச் சட்டையெல்லாம் கரி. ஆட்டோவில் இருந்த சீர்த்தட்டுகளை எதிர்கொண்டு வாங்க யாரும் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு அதுவும் தெரியவில்லை. டயர் மேல் தப்பில்லை, வளைவு போட்டவன் மேல்தான் தப்பு என்று வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டே நடந்தவன், மருமகளின் காதைப் பார்த்ததும் நின்றான்.

"என்னத்தா இது? ஒரு காதையாவது நிப்பாட்டி வச்சிருக்கலாம்ல?"

தோட்டுப்பெட்டியை நீட்டினான். உமையாள் வாங்கவில்லை.

"கொண்டுபோயி ஒன் கார் முன்னாடி கட்டித் தொங்கவிடு. கண்ணு படாம இருக்கும்."

அவன் சிரித்தான். தங்கை கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் போல. மடியில் உட்காரு, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பூங்கோதையைக் கூப்பிட்டான். அவள் அந்தக் கரிக் கையைப் பார்த்துவிட்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கடைசிப் பந்தியில் அவனுக்கும் ஓர் இலை போட்டார்கள். உமையாள் ரசவாளியோடு வரும்போது அவன் இமானுவேலிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ரிம்மையும் பெருசாக்கிட்டா எல்லாம் சரியாப் போயிரும்." இமானுவேல் தலையாட்டினான்.

அவள் இரண்டு இலையிலும் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.