மூன்று தட்டு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: பக்கத்து வீட்டு அக்கா, நான். அவ்வளவுதான். அக்காவின் அப்பா இல்லை. அவர் அறையை நானே விளக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் கட்டில், சுருட்டி வைத்த மெத்தை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அக்காவைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல இனி வழியில்லை.

அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். அவள் அப்பா மூன்று வருடமாகப் படுக்கை. பேச்சு குழறும். அதனால் எவர்சில்வர் டம்ளரால் சுவரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு, புரட்டிப் படுக்க வை. மூன்று, உடனே வா. வந்தால் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார வேண்டும். அவர் தூங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் மறுபடி மூன்று. தையல் பாதியில் கிடக்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும்.

சுவருக்கு இந்தப் பக்கம் என் கட்டில். இரவு ஷிப்ட் வேலையை விட்ட பிறகும் எனக்குத் தூக்கம் திரும்பவில்லை. எல்லாத் தட்டும் மனப்பாடம். அக்கா ஓடாய்த் தேய்வதைப் பார்க்கச் சகிக்காமல், போன மாதம் ஸ்க்ரூ டிரைவரோடு போய் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். பெரியவர் என்னை முறைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

"இனிமே நீ எந்திரிச்சு வரலாம்க்கா."

"கதவா என்னைப் பிடிச்சு வச்சிருக்கு?" என்று சிரித்தாள்.

தாழ்ப்பாள் இன்றும் என் டூல் பெட்டியில்தான் இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள்.

அன்று மதியம் அவருக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டம்ளரும் கூடவே போயிற்று, இல்லாவிட்டால் அடம். ஆண்கள் வார்டில் இரவு பெண்கள் தங்கக் கூடாதாம். அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்றாள். துணைக்கு நான் கூடத்தில் உட்கார்ந்தேன். தையல் மிஷின் பக்கத்தில் பாயை விரித்தவள், அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள்.

இரவு மணி 7.20. அவள் போனை எடுத்துச் சத்தத்தை நிறுத்தி, கவிழ்த்து வைத்தேன். ஒருநாளாவது தூங்கட்டுமே என்றுதான்.

7.51.

டொக். டொக். டொக்.

உள்ளறையிலிருந்து.

பல்லி? குழாய்? பக்கத்து வீடு... பக்கத்து வீடு என்னுடையது. இந்தச் சத்தம் எவர்சில்வர்.

மறுபடி மூன்று.

அக்கா கண்ணைத் திறக்காமலே எழுந்தாள். "வரேன்ப்பா..."

"அப்பா அங்க இல்லக்கா."

நின்றுவிட்டாள். தட்டும் நின்றது.

போனைத் திருப்பினேன். ஒன்பது அழைப்புகள். எல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து. கூப்பிட்டேன். நர்ஸ் எடுத்தாள்.

"எங்க போயிட்டீங்க எல்லாரும்? 7.50க்கு உயிர் போயிடுச்சு. அரை மணி நேரமா டம்ளரால கட்டில் கம்பியில தட்டிக்கிட்டே இருந்தாரு. மூணு மூணா. என்ன கேக்குறாருன்னு எங்க யாருக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது.

அக்காவிடம் சொன்னேன். அழவில்லை. "கடைசியா என்னைக் கூப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். தலையாட்டித் தொலைத்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக்கு வா, அம்மா இருக்கிறாள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வாசல்வரை வந்தாள். ஒரு காலில் செருப்பு.

8.06.

டொக். டொக். டொக்.

செருப்பைக் கழற்றினாள்.

"போகாதக்கா."

"ஒரு நிமிஷம். உக்காந்துட்டு வந்துடுறேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்தாள். அவள் அப்பாவின் விரல்களை இப்படித்தான் பிரிப்பாள்.

உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

பிறகு...

உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.