கன்சீட் என்றால் ஒப்புக்கொள்வதா?

“படிக்கவே வேண்டாம் சார். தமிழ் நாங்களே பண்ணிட்டோம். நீங்க சீல் போட்டு, சரியான மொழிபெயர்ப்புன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

மயிலாப்பூர் கச்சேரி சாலையில், மாடிப்படிக்கு மேல் உள்ள சிறிய அறையில் சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். படிக்க வேண்டாம் என்று சொல்லி வந்த முதல் ஆள் அவர்தான். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் மேனேஜர், தென்மாவட்டத்துக்காரர். மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையில் நான் கொஞ்சம் அசந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் சீல் போட்ட பிறகுதான் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன்.

விஷயம் இதுதான். கடைக்குப் பின்னால் காவேரி என்ற அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு. அங்கேயே இரண்டு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். தெருவிலிருந்து அவர் வீட்டுக்குப் போக ஒரே நடைவழி, கடையை ஒட்டி. கடையைப் பெரிதாக்கப் போகிறார்கள். அதற்கான ஒப்பந்தத்தில் காவேரி கையெழுத்திட வேண்டும்.

தமிழில், ‘காவேரியின் நடைவழி உரிமை இதன்மூலம் ஒப்புக்கொள்ளப்படுகிறது’ என்று இருந்தது. படித்தால் அவருக்குச் சாதகம். ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘கன்சீட்’ (concede). உரிமை காவேரியால் ‘கன்சீட்’ செய்யப்படுகிறது என்று வாக்கியம். அதாவது அந்த அம்மா தன் வழியை விட்டுக்கொடுக்கிறார். கடைசி வரியில், இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்றும் போட்டிருந்தார்கள்.

‘கன்சீட்’ இரட்டை நாக்குள்ள சொல். தவறை கன்சீட் செய்தால் ஒப்புக்கொள்வது. உரிமையைச் சொந்தக்காரரே கன்சீட் செய்தால் கைவிடுவது. கைவிடுவதற்கு ‘சரண்டர்’ இருக்கிறது, ‘ரெலின்க்விஷ்’ இருக்கிறது. சொத்துப் பத்திரங்களில் வழக்கமாக வருவது ரெலின்க்விஷ். அதை விட்டுவிட்டு இதை ஏன் பிடித்தார்கள்? எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

“கையெழுத்துப் போடறவங்க எங்க?”

“கீழ ஆட்டோல இருக்காங்க சார். மாடி ஏற முட்டி வலிக்குமாம்.”

நானே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். காவேரி மடமடவென்று ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். முட்டி வலி இருப்பதாகத் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார்.

“சீலு போட்டுட்டு இப்ப வந்து சொல்றீங்களே சார். நீங்க யாரு ஆளு?”

ஆங்கில-தமிழ் அகராதியை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் விரல் வைத்துப் படித்தார்.

“மொதல்லயே ஒப்புக்கொள்னுதானே போட்டுகீது?”

“அதான் நானும் சொன்னேன்” என்றார் மேனேஜர் உடனே.

அகராதியே எனக்கு எதிராக நின்றது. பொருள் விளக்கிக்கொண்டிருந்தால் அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று தோன்றியது. மேனேஜர் பக்கம் திரும்பினேன்.

“சரி, நீங்க சொல்றதே அர்த்தமா இருக்கட்டும். ஒரே ஒரு வரி சேர்த்துக்கலாம். ‘இந்த வழியில் காவேரி என்றும் போய்வரலாம்.’ இங்கிலீஷ்லயும் தமிழ்லயும்.”

“அதுக்கு வக்கீல்ட்ட கேக்கணும் சார்.”

“கேளுங்க.”

படிக்கட்டுக்குப் போய் போனில் பேசினார். ஐந்து நிமிடம் ஆனது. காவேரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் திரும்பி வந்தபோது நெற்றி வேர்த்திருந்தது.

“அதெல்லாம் சேக்க வேண்டாங்காரு. இப்படியே இருக்கட்டுமாம்.”

“இன்னாத்துக்கு?” என்றார் காவேரி. “வழி என்னுதுன்னு ஒத்துக்கினு கீறீங்க. நான் நடக்கலாம்னு எழுதறதுல இன்னா நஷ்டம் உங்களுக்கு?”

காவேரி காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அம்மா, அது எங்க காப்பி” என்றார் மேனேஜர். காவேரி காதில் வாங்காமல் படி இறங்கிப் போய்விட்டார்.

மேனேஜருக்குத் தெரிந்திருந்ததா? சில மாதம் கழித்துப் பாண்டி பஜாரில் பார்த்தபோது, “எனக்கு இங்கிலீஷே தெரியாது சார். குடுத்தாங்க, கொண்டாந்தேன்” என்றார். இருக்கலாம். ஆனால் முட்டி வலி ஆங்கிலத்தில் எழுதியிருக்கவில்லையே.

காவேரி என்னையும் நம்பவில்லை. படி இறங்கிப் போன ஒரு வாரத்தில் போன் செய்தார். “சார், ஐகோர்ட்டாண்ட ரெண்டு வக்கீலுங்ககிட்ட காட்னேன். நீங்க சொன்னாப்லதான் சொன்னாங்க.” நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. வழி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கடையை மேலே உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள்.

அன்று அந்த போன் எனக்குக் கோபமூட்டியது. இருபது வருடத் தொழில்காரனைச் சரிபார்க்கிறாரே என்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அவர் செய்தது சரி. என் கையெழுத்தை அவர் எதற்காக நம்ப வேண்டும்? இப்போதெல்லாம் கையெழுத்திட வருபவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டு, இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. வராதவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேன்.