மஞ்சள் அட்டையில் எழுதிய நேரம்

கணக்கில் நான் கெட்டிக்காரி என்பது பத்து வயதிலேயே, நாங்கள் குடியேறியிருந்த பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில், எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருந்தேன். ஆகவே சுவிஸிலிருந்து வந்த மாமாவின் கணக்கில் பிழை கண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. ஒருவரிடமும் கேட்காமல் திருத்திவிட்டேன்.

மாமா அம்மாவின் அண்ணன். சுவிஸில் ஒரு மலைக்கிராமத்தில் இருந்தார். குளிர்காலத்தில் ஹோட்டல் சமையலறையில் வேலை. பனி உருகியதும் ஊர்ச்சபைக்காக மலைப்பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாதையோரம் உட்காரப் போட்ட வாங்கு உடைந்தால் திருத்துவார், கல் விழுந்தால் அகற்றுவார், வழிகாட்டிப் பலகைகளுக்கு மஞ்சள் பூசுவார். யாழ்ப்பாணத்தில் பனைமரத்தைவிட உயரமான எதையும் கண்டிராத மனிதரிடம் அந்த ஊர்க்காரர் மலையை ஒப்படைத்துவிட்டார்கள் என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வந்தது ஒரு ஜூன் மாதம். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. பேச்சு திரும்பியது, கையும் திரும்பியது. இடது கால் மட்டும் இழுபட்டது. தினமும் நடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாரே தவிர வாசலைத் தாண்டவில்லை. கோயில் இல்லை, கலியாணவீடு இல்லை, தெருமுனைக் கடை கூட இல்லை. ஆட்கள் பார்ப்பார்களாம். பியர்பொன்ட்ஸில் எல்லோரும் காரில்தான் போகிறார்கள், தெருவில் பார்ப்பதற்கு ஆளே கிடையாது என்று நான் விளக்கிச் சொன்னேன். அம்மா குசினிக்குள் போய்விட்டார். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் அம்மாதான் நிற்பார். இப்போது பக்கத்து வீட்டு அன்ரியின் பின்னால் நடந்துவந்தேன். அம்மா மறுபடியும் அந்த வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்த வருடம் வேறு ஆசை இருக்கவில்லை.

மாமாவுக்கு மூன்று கிழமை லீவு. முதல் கிழமை முழுவதும் சோபாவில் இருந்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா குசினியிலிருந்து தேநீர் கொண்டுவந்தால் பார்ப்பார். அம்மா கதவைத் திறக்க எழுந்தால் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்த சின்னக் கொப்பியில் ஏதோ எழுதுவார். மணிக்கூடு செய்கிற நாட்டில் இருந்தால் இந்த வியாதி தொற்றும் என்றார் அப்பா. நானும் நம்பினேன்.

இரண்டாவது கிழமை காலையில் எழும்பி, பஸ் ஏறி, மெத்ரோ ஏறி, நகரத்து நடுவில் இருக்கும் மலைக்குத் தனியாகப் போய்வரத் தொடங்கினார். ஐந்து நாள் விடாமல் போனார். எங்கள் மலையை அவர் மலையாகவே மதிக்கவில்லை. அவருடைய ஊரில் இதன்மேல் மேய்வதற்கு மாடு வெட்கப்படுமாம். அப்படிச் சொன்னவர் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிவந்தார். வாய்ச்சொல்லில் வீரர் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன்.

மூன்றாவது கிழமை, சாப்பாட்டு மேசையில் தன் ஊர்ப் பாதைகளைப் பற்றிச் சொன்னார். மஞ்சள் அடையாளம் போட்ட பாதை எல்லோருக்கும் உரியது. கம்பியில் ஓடும் பெட்டியில் மேலே போய் இறங்கினால், சக்கர நாற்காலிக்காரரும் தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவரும் வயசாளிகளும் அதில் போகலாம். வெள்ளையும் சிவப்பும் போட்டது கால் பலமுள்ளவர்களுக்கு. வெள்ளையும் நீலமும் போட்டது மண்டை கழன்றவர்களுக்கு. எந்தப் பலகையிலும் பெரிதாகத் தூரம் எழுத மாட்டார்கள், நேரம்தான் எழுதுவார்கள். ஏன் என்று கேட்டேன்.

"கிலோமீற்றர் எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை. நேரம்தான் ஆளுக்காள் வேற."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறோம், மலைமேல் இருக்கும் குளத்தடி வரைக்கும் கார் போகும், அங்கிருந்து பார்வை மேடைவரை மஞ்சள் பாதைதான் என்றார். அம்மா மறுத்தார். வியாழக்கிழமை நான் போய்விடுவேன், இனி எப்போது வருவேனோ தெரியாது என்று மாமா கடைசி ஆயுதத்தை எடுத்தார். அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஓம், வாறன். ஆனால் ஏலாதெண்டால் திரும்பிடுவம். பேந்து ஒருத்தரும் என்னை வெளிய வா எண்டு கேக்கக் கூடாது. சரியோ?"

சரி என்றார் மாமா. அப்பா சோற்றைப் பிசைந்தார். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

மாமா சீரியல் பெட்டிகளை வெட்டி, மஞ்சள் பூசி, ஒரு முனையை அம்பு போலக் கூராக்கி ஐந்து அட்டைகள் செய்தார். எல்லாம் தமிழில். அப்படியென்றால் மற்றவர்கள் அதைப் பார்த்து வழி தவற மாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் நானும் முதலில் போனோம். அப்பாவும் அம்மாவும் பத்து மணிக்குக் காரில் வருவதாக ஏற்பாடு. மேடையிலிருந்து குளத்தை நோக்கி இறங்கிவந்தபடி, அவர் குறித்து வைத்திருந்த வாங்குகளில் கம்பளி நூலால் அட்டைகளைக் கட்டினார். திரும்பும்போது ஒரு நூல் விடாமல் அவிழ்க்கவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்.

அப்போதுதான் பிழையைக் கண்டேன். குளத்தடியில் கட்டவேண்டிய அட்டையில், பார்வை மேடைக்கு ஒரு மணி பதினைந்து நிமிடம் என்று எழுதியிருந்தது. போன இலையுதிர்காலத்தில் எங்கள் வகுப்பு முழுவதும் அதே வழியை இருபது நிமிடத்தில் நடந்திருந்தது, அதுவும் இரண்டு பேர் வழியில் சண்டை பிடித்து. மாமாவிடம் சொன்னேன். "ஓம், ஓம், நீ கெட்டிக்காரி" என்றுவிட்டு அடுத்த வாங்குக்குப் போய்விட்டார். என் பையில் மார்க்கர் இருந்தது. அவர் முன்னே போகப் போக, நான் பின்னால் நின்று ஒவ்வொன்றிலும் பழையது தெரியாதபடி கறுப்புப் பூசி மறைத்துத் திருத்தினேன். நாற்பதைப் பத்தாக்கினேன், ஒரு மணியைப் பதினைந்தாக்கினேன். மாமா காரைக் கண்டு ஓடிய நேரத்தில் கடைசி அட்டையையும் இருபது நிமிடமாக்கினேன். அம்மா ஒன்றேகால் மணியைக் கண்டு பயந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் இருந்தது. அதை இன்றைக்கும் என் பக்கத்து நியாயமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாமா காரின் பின்னால் நின்று தேநீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா தடியோடு அட்டையருகே வந்து வாசித்தார். முகம் தெளிந்தது. எங்களுக்காகக் காத்திராமல் நடக்கத் தொடங்கினார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த அட்டை கட்டிய வாங்குக்கு வந்தபோது அம்மாவின் கழுத்து வியர்த்திருந்தது. ஓடுகிறவர்கள் இரண்டு பக்கமும் எங்களைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவர் கடக்கும்போதும் அம்மா நிலத்தைப் பார்த்தார். அட்டையை வாசித்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடியும் அட்டையை வாசித்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்து தடியைக் குறுக்கே வைத்தார்.

"இருபது நிமிஷ வழி எண்டு கீழ போட்டிருந்துது. நான் இருபது நிமிஷம் நடந்திட்டன், கால்வாசியும் வரேல்லை. போதும் அண்ணை. வீட்ட போவம்."

அழவில்லை, கோபிக்கவில்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்குகிறவர் போலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான்தான் எழுதினேன் என்று சொல்வதற்குப் பதிலாக மார்க்கரைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். மாமா குனிந்து அட்டையைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். விரல் எல்லாம் கறுப்பு.

"பிள்ளை, அந்தப் பேனையைத் தா" என்றார். திட்டவில்லை. அட்டையை அவிழ்த்து மறுபக்கம் திருப்பி, ஒரு மணி என்று எழுதி மறுபடியும் கட்டினார். முதல் எழுதியது ஓடுகிறவர்களுக்கான நேரம், அட்டை மாறிப்போனது தன் பிழை என்றார்.

அம்மா நம்பவில்லை. நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறீர்கள் என்றார். மாமா சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னக் கொப்பியை எடுத்து அவரிடம் நீட்டினார். வாங்கு வாங்காக, நிமிடம் நிமிடமாக, போன கிழமைத் திகதிகளோடு எழுதியிருந்தது. அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே நேரம். எல்லாமே பிழை.

"பதினெட்டு வருஷமா போர்டுக்கு நேரம் எழுதுறன். ஒரு நாளும் பிழைச்சதில்லை. ஏலுமெண்டால் நீ பிழைக்கப் பண்ணு, பாப்பம்."

சின்ன வயதில் அம்மா இந்த அண்ணனோடு எதற்கும் போட்டி போடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்டேன். கொப்பியை மூடினார், தடியை எடுத்தார், எழுந்தார். அடுத்த வாங்கில் மாமா தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டு நடந்தார். தள்ளுவண்டியோடு வந்த ஒரு பெண் "போன்ஜூர்" சொன்னபோது நிலத்தைப் பார்க்கவில்லை. அவசரத்தில் இருக்கிறவர் போலத் தலையை ஆட்டி, திருப்பிச் சொன்னார். நானும் அப்பாவும் பின்னால் போனோம். மாமா ஒவ்வொரு அட்டையையும் அம்மாவுக்கு முன்னே ஓடித் திருப்பி எழுதினார். பதினெட்டு வருட அனுபவசாலிக்கு அன்று நல்ல வேலை.

மேடையின் கல்மதிலைத் தொட்டதும் அம்மா முதலில் பார்த்தது மணிக்கூட்டை. கீழே நகரம், ஆறு, பாலங்கள் எல்லாம் பிறகுதான்.

"அண்ணை, உங்கட கணக்குப் பிழை. ஒரு மணி எண்டு எழுதினனீங்கள், நான் ஏழு நிமிஷம் முந்தி வந்திட்டன்."

குளிர்காலத்துக்குப் பிறகு அம்மாவின் குரலை அவ்வளவு உரக்க நான் கேட்டதில்லை. பக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. மாமா தன் மணிக்கூட்டைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்து, தலையைத் தொங்கப் போட்டார். அப்பா ஆற்றைப் பார்த்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு மாமாவை நினைக்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து தங்கச்சியிடம் தோற்றுவிட்டாரே என்ற கவலை. கூடவே, அவருக்குக் கணக்கு வராது என்று நான் முதலே சொன்னேனே என்ற திருப்தியும்.

வியாழக்கிழமை மாமா புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். பழையதைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் எடுத்துப் பார்த்தேன். வலது சப்பாத்து கடையில் அப்போதுதான் வாங்கிய மாதிரி இருந்தது. இடதின் மூக்கு மட்டும் உரசித் தேய்ந்து வாய் பிளந்திருந்தது. சுவிஸ் சாமானும் இப்போது இவ்வளவுதான், கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா அந்த இடது சப்பாத்தை வாங்கிக்கொண்டு வாசற்படியில், வெளிப்படியில், உட்கார்ந்தார். மூக்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு துணியால் துடைத்து, சப்பாத்துத் தட்டில் தன்னுடைய இடது சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் மூக்கு அதே இடத்தில்தான் தேய்ந்திருந்தது. ஒற்றைச் சப்பாத்தை வைத்து என்ன செய்வது என்று நான் அதை மறுபடி தொட்டியடிக்குக் கொண்டுபோனேன். அம்மா எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார். பெரியவர்களுக்கு எதையும் எறிய மனம் வராது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால், வாசலில் அம்மா தடியோடு நிற்கிறார். சனம் நிறைந்த வாசலில், எல்லோரும் பார்க்க. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மணி அடிப்பதற்கு முதலே வந்துவிட்டீர்களே என்று மெச்சினேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சரியாக எட்டு நிமிடம் என்பது என் கணக்கு. அம்மா எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து புறப்பட்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.